கப்பல் கேட்கும் கண்

14-6-99, திங்கள்
காலையிலிருந்து சாரல். கடற்படையிலிருந்து குமரேசனுக்குக் கடிதம். எழுத்துப் பரீட்சையில் மகன் தேறிவிட்டான். அடுத்த திங்கட்கிழமை கோவையில் உடல் பரிசோதனை. கண்ணாடி இல்லாமல் பார்வை வேண்டும், நிறம் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று போட்டிருக்கிறது. வாங்க: கேரட், பொன்னாங்கண்ணி, விளக்கெண்ணெய். மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் வேண்டிக்கொண்டேன். ரேடியோவில் கார்கில் சேதி. குமரேசனின் அப்பா, "சண்டை மலையிலதான அம்மணி, கப்பலுக்கென்ன?" என்கிறார். மனசு கேட்கவில்லை.

16-6, புதன்
ஓயாத காற்று. தறியில் துண்டுக்கரையின் பச்சை இழை அறுந்ததற்குக் குமரேசன் பழுப்பு இழையை முடிந்துவிட்டான். இரண்டு முழம் வீண். அவர்: "கண்ணைப் பொடனியிலயாடா வெச்சிருக்கறே?" அவர் போனபின் இரண்டு நூல் கோனையும் காட்டிக் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணாத்தானுங்கம்மா இருக்குது. கோன்ல ஒட்டுன சீட்டைப் பார்த்துத்தான் எடுப்பேன்." பதினெட்டு வருடம். பெற்றவள் கவனிக்கவில்லை.

17-6, வியாழன்
நிறம் தெரிகிறதா என்று பார்க்க டாக்டர் காட்டும் புள்ளிப் புத்தகத்து எண்களைச் சிநேகிதனிடம் எழுதி வாங்கி வந்தான், பக்கவாரியாக. மொத்தம் பதினேழு. நானே ஒப்பிக்க வைத்தேன். எனக்கும் பாடமாகிவிட்டது. அவரிடம் சொல்லவில்லை.

18-6, வெள்ளி
கண்மலர் சாத்தினேன். திரும்பும் வழியில் டெலிபோன் பூத். அதை வைத்திருப்பவர் கடற்படையில் இருந்தவர். கப்பலில் நிறம் எதற்கு என்று கேட்டேன். "சண்டைன்னா ரேடியோவை நிறுத்திருவாங்க அம்மணி. இருட்டுல வெளக்கோட நெறந்தான் பேச்சு. மாத்திச் சொன்னா நம்ம கப்பலையே நாம சுட்டுருவோம்." அந்தக் கப்பலிலும் பிள்ளைகள். கோயிலில் கேட்டதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வழி தெரியவில்லை.

20-6, ஞாயிறு
குமரேசனிடம் சொல்லிவிட்டேன். "அந்த நம்பரை மறந்துபோடு கண்ணு."
"ஒப்பிக்க வெச்சது நீங்கதானுங்களே?"
"நாந்தான்."
"நான் இந்தத் தறிக்குள்ளயே கெடக்கோணும். அதானுங்களே உங்க ஆசை?"
பூத்காரர் சொன்னதை மட்டும் சொன்னேன். எழுந்து போய்விட்டான்.

21-6, திங்கள்
வெயில். மூன்று மணிக்குக் கோவையிலிருந்து வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றே சொன்னான். "ஏழாவது பக்கமுங்கம்மா. மனசுல எழுபத்துநாலு. கண்ணுக்கு இருபத்தொண்ணு. இருபத்தொண்ணுன்னே சொல்லிப்போட்டேன். போகச் சொல்லிட்டாங்க."
அவர் தறியை நிறுத்திவிட்டு வந்தார். "ஒரு நம்பரைப் பார்த்துச் சொல்லத் தெரியலையாடா உனக்கு?"
அவன் தரையைப் பார்த்தான்.
"ஏனுங்க, அவனைக் கேக்காதீங்க" என்றேன். "என்னைக் கேளுங்க."