கூடைக்குள் இருந்த முகம்

மார்ச் 3, 2016
சரித்திர நாவல் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம் எனக்கு. ஊரே பேசுகிற புதுப் புத்தகத்தை இன்று வாங்கிவிட்டேன். எங்கள் ஊர்க் கதை, ஜப்பான்காரன் காலம். எழுதியவர் நெஸ்டோர், மணிலாக்காரர்.

மார்ச் 5
தலையில் ஓலைக்கூடையைக் கவிழ்த்து, இரண்டு ஓட்டை வழியாகப் பார்த்து, ஊர் ஆட்களை ஜப்பான்காரனுக்குக் கைகாட்டியவன் — 'குதிரைவண்டிக்காரன் செவெரோ ராப்சிங்'. என் தாத்தா பெயர்! தாத்தாவின் தொழில்! கூடைக்குள் இருந்தது யாரென்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. இந்த ஆளுக்கு மட்டும் கனவில் வந்து சொன்னார்களா?

நாவல்களில் அடுத்தவர் தாத்தாக்கள் துரோகிகளாகச் செத்தபோதெல்லாம் வேர்க்கடலை கொறித்துக்கொண்டே படித்தவள்தானே. நல்லா வேணும் எனக்கு.

மார்ச் 9
மீன்கடை லூடிங், "கூடை வேணுமாக்கா? உங்க வீட்லயே பழசு கிடக்குமே!" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீனைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அவ நாக்கு அழுகிப் போக!

மார்ச் 14
அப்பாவுக்கு எண்பது வயது. மாதா கோயில் வாசலில் தினமும் அவரோடு சதுரங்கம் ஆடும் பென்தோங் இன்று பலகையை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாராம். "அவன் அண்ணனையும் கூடைக்காரன்தான் காட்டிக் கொடுத்தான்" என்றார் அப்பா. சாப்பிடவில்லை.

மார்ச் 15
நெஸ்டோருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"எல்லாம் கற்பனைங்கம்மா. பேரு உங்க ஊர்க் கல்லறையில பார்த்தது, காதுக்கு நல்லா இருந்துச்சு. வண்டிக்காரன்னா எல்லார் வீடும் தெரியுமே, அதான்..."

காதுக்கு நல்லா இருந்துச்சாம்! எங்கப்பா தன்னந்தனியா உட்கார்ந்திருக்காருய்யா, ஊர் முன்னால வந்து மன்னிப்புக் கேளு என்றேன். வருகிறேன் என்றார்.

மார்ச் 17
அப்பாவுக்குச் சின்ன எழுத்து தெரியாது. அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "அத்தனையும் பொய்ப்பா, அந்தாளு வந்து சொல்லத்தான் போறான்" என்றேன்.

புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அவனுக்கு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார்.

ஐயோ.

மார்ச் 18
நெஸ்டோரை வரவேண்டாம் என்று சொல்லலாமா? சொன்னால், ஏன் என்று கேட்பாரே.

மார்ச் 27, ஈஸ்டர்
பூசை முடிந்ததும் ஊர் முன்னால் நெஸ்டோர் மன்னிப்புக் கேட்டார். பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதையாக அப்பாவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். லூடிங் அழுதாள். பென்தோங் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு, "உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனேடா! செருப்பால அடிடா என்னை!" என்றார். அப்பா வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பன்றிக்கறி போட்டேன். பென்தோங் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.