மடையைத் திறந்தது நான்தான்

என்னங்க,

இந்நேரத்தில் எழுதுகிறேன் என்று கோபிக்காதீர்கள். குட்டி இப்போதுதான் தூங்கினாள்.

அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். முதல் நடையே கொல்லைக் கதவைத் தாண்டி, நம் பள்ளவயல் தண்ணீரை நோக்கித்தான். ஓடிப்போய்த் தூக்கினேன். அன்று சாயங்காலமே மடையைத் திறந்துவிட்டேன். வயலில் மிதக்கும் கூட்டில் பறவை குஞ்சு பொரிக்கும்வரை தண்ணீரை வடிக்க மாட்டோம் என்று ஈரநிலத் துறைக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது ஞாபகம் இருந்தது. இருந்தும் திறந்தேன்.

விடிந்து பார்த்தால், மிதந்துகொண்டிருந்த கூடு சேற்றில் உட்கார்ந்திருந்தது. கரையில் இரண்டு நாய்கள். தாய்ப்பறவை முட்டைகளை விட்டு நகரவேயில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மடையை அடைத்துவிட்டு மேல்வயல்காரரிடம் ஓடினேன்.

"குடிவெச்சதும் நீங்க, ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணச் சொல்றதும் நீங்களாம்மா?" என்று சிரித்தார். ஆனாலும் தன் நாற்றுக்கு வைத்திருந்த தண்ணீரை நமக்குத் திருப்பிவிட்டார்.

துறையிலிருந்து வந்த அக்காவிடம் நானே ஒப்புக்கொண்டேன். "பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே வேலி போட்டுக் கொடுத்திருப்போமே, பைத்தியம்" என்றார். நாளைக்குப் போடுகிறார்கள்.

கூடு மறுபடி மிதக்கிறது. நாய்களைக் காணோம்.

அந்த ஒரு வார்த்தையை உங்களிடமும் நான் சொன்னதில்லை. போனில் கேட்கும்போதெல்லாம் "நல்லாத்தான் இருக்கோம்" என்றே சொல்லிவிடுகிறேன். எப்போது வருவீர்கள் என்று இப்போதும் கேட்கவில்லை.

பதில் சீக்கிரம் போடுங்கள்.

உங்கள் மகளின் அம்மா