செல்லம்மா பொய்ச் சத்தியம் செய்யவில்லை

என் ஆசைத் தங்கச்சி செல்லம்மாவுக்கு,

கண்மாய்க் கரை உடைந்து நம் ஊருக்கு பஸ் வராமல் கிடந்த வருஷம். பெரியண்ணன் டிரான்சிஸ்டர் ரேடியோ வாங்கியதும் அதே வருஷம்தான். மழை வெறித்த மறுவாரம் மதினியின் தோடு காணாமல் போனது. எனக்கு எழுத்து வராது, உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி காவ்யா எழுதுகிறாள்.

தோட்டைக் கழற்றி அம்மிமேல் வைத்துவிட்டு மதினி குளிக்கப் போனாள். பக்கத்தில் இருந்தது நீ ஒருத்திதான். "நான் எடுக்கலண்ணே" என்றாய். நான் நம்பவில்லை. அதற்கு முன்பே உன்மேல் எனக்குச் சந்தேகம். வேலை செய்துகொண்டே இருப்பாய், திடீரென்று "ஏதோ கருகுற வாடை வருதுண்ணே" என்பாய். அப்புறம் வெறித்த பார்வை. வெறும் வாயை மெல்லுவாய், கை முந்தானையைப் பிசையும், கூப்பிட்டால் பதில் இருக்காது. "வேலைக்கள்ளி, நடிக்கிறா" என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தான்.

மறுநாள் அய்யனார் கோயிலில் சூடம் ஏற்றி, அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னோம். உள்ளங்கையால் அடித்து அணைத்தாய். கை நடுங்கவே இல்லை. வீட்டுக்கு வந்து, நீ முதல்நாள் கட்டியிருந்த சேலையை மதினி துவைக்க எடுத்தாள். முந்தி முடிச்சில் தோடு இருந்தது.

"பொய்ச் சத்தியம் பண்ணிட்டாளே பாவி!" என்று கத்தினாள்.

தை பிறக்கவில்லை. தண்ணீர் இறைக்கப் போன நீ கிணற்றில் பிணமாகக் கிடந்தாய். சாமி கேட்டுவிட்டது என்றது ஊர்.

போன மாதம் காவ்யாவின் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. கூடப் படிக்கிற பிள்ளையின் வாட்ச் இவள் பையில் இருந்ததாம். எடுக்கவே இல்லை என்று சாதித்தாள். ரத்தத்தில் வந்த புத்தி என்றுதான் எனக்குள் ஓடியது. ஒளிந்து நின்று வேவு பார்த்தேன்.

("என்னையத் திருடின்னா நெனச்சீங்க தாத்தா? இதையும் எழுதவா?"

"எழுதுடி.")

நாலாம் நாள் காலை, இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவள், "எதுவோ கருகுது தாத்தா" என்றாள். அடுப்பு எரியவே இல்லை. அதே பார்வை. அதே மெல்லல். கை தன்பாட்டுக்குக் கரண்டியை எடுத்து மடியில் செருகியது. தெளிந்ததும், "கரண்டிய இங்கன யாரு வச்சா?" என்று என்னையே கேட்டாள்.

புதுக்கோட்டையில் டாக்டரம்மா இது வலிப்பு என்றார். "கைகால் வெட்டாம வலிப்பா? யாரை ஏய்க்கிறீங்க?" என்றேன்.

"எல்லா வலிப்பும் கீழ தள்ளாதுங்க பெரியவரே. காதுக்கு மேல, நெத்திப்பொட்டுக்கு உள்ள இருக்குற மூளையில வர்றது இது. இல்லாத வாடை வரும், கை தானா எதையாவது எடுக்கும். தெளிஞ்சா ஒண்ணும் ஞாபகம் இருக்காது. புள்ளை பொய் சொல்லலை."

ஸ்கேன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இன்னும் முழுதாக நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரை ஆரம்பித்த பிறகு அந்தப் பார்வை ஒரே ஒரு தடவைதான் வந்தது.

செல்லம்மா, கிணற்றடியில் அன்றைக்கும் உனக்குக் கருகும் வாடை வந்ததா? நினைவு தப்பி விழுந்தாயா, நாங்கள் சொன்னது பொறுக்காமல் விழுந்தாயா? மதினியைக் கேட்கலாம் என்றால், அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வருகிற வெள்ளிக்கிழமை, கூட்டம் கூடும் நேரத்தில், அய்யனார் கோயில் வாசலில் நின்று, என் தங்கச்சி பொய் சொல்லவில்லை என்று சத்தமாகச் சொல்வேன். காவ்யாவை எவரும் சூடம் அணைக்கச் சொல்ல விடமாட்டேன்.

இப்படிக்கு,
அன்றைக்குக் கோயிலில் உன்னைச் சுற்றி நின்றவர்களில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே ஆள்,
உன் சின்னண்ணன் கருப்பையா