மரியாதை கேட்ட இரண்டு பேர்

19 ஜூலை, சனி
காலையிலிருந்து மழை. வேலைக்குப் போக வேண்டியதில்லை. துணி மட்டும் காயவில்லை. மத்தியானம் மீ கோரெங், பிறகு தூக்கம்.

அக்காவின் நாவலை ஒருவழியாக முடித்தேன். காம்பாரில் பல் கிளினிக் வேலை முடிந்து வந்து இத்தனை நாளாக இதைத்தான் எழுதியிருக்கிறாள். மாசக் கடைசியில் பதிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். அதற்குள் நான் அபிப்பிராயம் சொல்ல வேண்டுமாம். மற்றவர்கள் எல்லாம் நல்லா இருக்கு என்கிறார்களாம்.

இரண்டு பாகம், இரண்டு ஆள்.

முத்தையா: பழைய ரப்பர் தோட்டத்துக் கங்காணி. திருவிழாவில் முதல் பரிவட்டம் தன் தலையில் கட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. தோட்ட ஆபீஸ் குமாஸ்தா கிராணிக்குக் கட்டிவிட்டார்கள். தேரைக் கொளுத்தினான். தானும் அதில் போனான்.

கஜேந்திரன்: இந்தக் காலம், ஈப்போ. செக்யூரிட்டி கம்பெனி முதலாளி. சுல்தான் கொடுக்கும் டத்தோ பட்டத்தை விலைக்கு வாங்கினான். பட்டம் போலி. மகள் கல்யாண மண்டபத்துக்கே போலீஸ். கம்பெனி, வீடு, பெண்டாட்டி எல்லாம் போச்சு.

போன் செய்து சொன்னேன். “ரெண்டும் ஒரே ஆளுதான்க்கா. சட்டைதான் வேற.”

“சரி லா. பசியாறுனியா?” வைத்துவிட்டாள்.

22 ஜூலை, செவ்வாய்
கொளுத்தும் வெயில். ஃபேக்டரியில் மோட்டார் பேனல் மாற்றினோம். முதல் தடவையிலேயே ஓடியது. கூட வேலை பார்க்கும் பிரகாஷ் டீ வாங்கிக் கொடுத்தான். நல்ல நாள்.

சாயங்காலம் அக்காவிடமிருந்து மெசேஜ். கஜேந்திரன் பாகத்தை மொத்தமாக எடுத்துவிடுகிறாளாம். பாதி புத்தகம்! கூப்பிட்டேன்.

“ஒரே ஆள எதுக்குடா ரெண்டு தடவ அழிக்கணும்? நீதான சொன்ன.”

வேறு வேறு ஆள் என்று தோன்றினால் எனக்கு விளக்கு என்றேன். தோன்றுகிறதாம், விளக்கத்தான் தெரியவில்லையாம். அவள் கோபமாகப் பேசியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். பேசவில்லை. பாதி புத்தகம் என் வாயால் போகிறது. எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

வாங்க: கேபிள் டை, சோப்பு, டயர் பார்க்க.

26 ஜூலை, சனி
கோலா கங்சார் பக்கம், அம்மா பிறந்த தோட்டம். இப்போது ரப்பர் போய் முழுக்கச் செம்பனை மரம். தோட்டத்து ஆட்கள் இருந்த லயன் வீடு ஒன்றுகூட இல்லை, கோயில் மட்டும். நாளை திருவிழா. பிரகாஷும் நானும் லைட், ஃபேன் எல்லாவற்றுக்கும் புது வயர் இழுத்தோம். பழைய வயரை எவன் போட்டானோ, அவனை உதைக்க வேண்டும். சம்பளம் இல்லாத வேலை, நானே கேட்டு எடுத்தது. முதுகுவலி. வேலை சுத்தம்.

27 ஜூலை, ஞாயிறு
நல்ல கூட்டம். ராத்திரிப் பூசை முடிந்து கோயில் தலைவர் மைக்கில் நன்றி சொன்னார். பந்தல், பூ, அரிசி, ஐஸ். எங்கள் பெயர் இல்லை.

பிரகாஷ் சிரித்தான். “மச்சான், ஐஸ் குடுத்தவன் பேரு வந்துருச்சி. அந்த ஐஸத் தின்னவனெல்லாம் ஒக்காந்திருக்கிறது யாரு ஃபேன் காத்துல?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காதெல்லாம் சூடு. பின்பக்கம் போனேன். மெயின் சுவிட்சில் கை வைத்தேன். சோதிக்க இல்லை. ஒரு நிமிஷம் இருட்டானால் தெரியும், யார் லைட் போட்டது என்று.

சாப்பாட்டுப் பக்கமிருந்து ஓர் அக்கா, யாரென்றே தெரியாது, கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். “தம்பி, லைட்டு போட்ட பிள்ளைதான? சாப்புட வா லா. இந்த வருசந்தான் காத்து வருது.”

அவ்வளவுதான். கோபம் போன இடம் தெரியவில்லை. ரசம் பிரமாதம்.

முன்வரிசையில் ஒரு பெரிய மனுஷர். மாலை போட்டார்கள், பெயர் சொன்னார்கள். பட்டத்தை முழுசாகச் சொல்லவில்லை என்று டிரைவரை அனுப்பி மறுபடி சொல்லவைத்தார். சொன்னார்கள். முகம் அப்படியே இருந்தது. அடுத்து யார் தன்னைப் பார்க்கவில்லை என்று தேடிக்கொண்டிருந்தார்.

28 ஜூலை, திங்கள்
லேசான தூறல். வேலை முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். சுவிட்ச் விஷயம் உட்பட எல்லாம் சொன்னேன். நான் சொன்னது தப்பு என்றேன். முத்தையா தன்னைத் தெரிந்தவர்களிடம் ஒரே ஒரு சொல் கேட்டான், கிடைத்திருந்தால் நின்றிருப்பான். கஜேந்திரன் எர்த் லீக். எவ்வளவு கரண்ட் கொடுத்தாலும் மண்ணுக்குள் போய்விடும், பல்பு எரியாது. ஒருத்தனைக் காப்பாற்றியிருக்கலாம், மற்றவனை முடியாது. இரண்டு பேரும் வேண்டும்.

டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. கஜேந்திரன் இருக்கட்டும் என்றாள். முத்தையா பாகத்தின் கடைசியில்தான் ஓர் இடம் மாறுகிறதாம்.

“பந்தியிலேருந்து ஒருத்தி வந்து கூப்புடுறா. ‘கங்காணி அண்ணே, நீங்க வராம யாரும் எலையில ஒக்காரலே’ன்னு. தேர்ல தீ புடிச்ச பெறகு.”

கொஞ்சம் முன்னாடியே வரச் சொல்லேன் என்றேன்.

“முடியாதுடா.”