ஒரு கேன் தண்ணீர்

ஆலங்குடா,
2023 ஆகஸ்ட் 11, வெள்ளி.

அன்பு மகள் நிஸ்ரினுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நான் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறேன், நீயும் அந்தக் குளிர் நாட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்கிறேன். நீ மொழிபெயர்க்கப் போயிருக்கிற பேச்சுவார்த்தை முடியும்வரை போனை வாங்கி வைத்துவிடுவார்கள், இரண்டு மூன்று கிழமைக்கு என் குரல் கேட்காது என்று சொன்னாய், இன்றைக்குப் பதினேழு நாள். கமீலாவின் மகன் ரிப்கான் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை ஜெனீவாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். அடுத்த முறை வரும்போது உங்களுக்கு என்ன கொண்டு வர, மாமி என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றேன், உனக்குச் சொல்வதுபோலத்தான்.

இங்கே காற்றுக் காலம். கடலில் சறுக்கி விளையாடுகிற வெள்ளைக்காரரின் பட்டங்கள் மேலே பறக்கின்றன, மணல் எல்லாம் என் சோற்றுக் கோப்பையில் வந்து விழுகிறது. ஒரு ஆளுக்குச் சமைக்கிற அளவு இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, மிஞ்சுகிற சோறு கமீலாவின் கோழிகளுக்குப் போகிறது, கோழி கொழுத்துவிட்டது நீங்கதான் மெலிஞ்சு போறீங்க ராத்தா என்று அவள் பகிடி பண்ணுகிறாள். அவளும் வருகிற மாதம் மன்னாருக்கே போய்விடப் போகிறாள், எங்கள் ஊரில் அவர்களுடைய வீடு கட்டி முடிந்துவிட்டது. தொண்ணூறில் ஊரை விட்டு விரட்டப்பட்டு எங்களோடு முகாமுக்கு வந்த சனத்தில் பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள், இந்த ஒழுங்கையில் நான்கு வளவு பூட்டிக் கிடக்கிறது, கமீலாவுடையது ஐந்தாவது. மிதிவெடி எல்லாம் எடுத்தாச்சு, நீங்களும் வாங்க என்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். அஸர் தொழுதுவிட்டு மஃரிப் வரைக்கும் எனக்கு நேரம் போகிறதில்லை மகள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு இருக்கிறேன், அடிக்காது என்று தெரிந்தும்.

போனைக் கொடுக்கிற அன்று நீ ஒன்று கேட்டாய். போர் நிறுத்தம் எண்டு சொன்ன நேரம் நீங்க அதை என்னவெண்டு விளங்கினீங்க உம்மா என்றாய். சண்டை பிடிக்கிற இரண்டு பகுதியும் ஒத்துக்கொள்ளப்போகிற கடதாசியில் அந்தச் சொல்லை அந்த நாட்டுச் சனத்தின் பாஷையில் எப்படி எழுதுவது என்று உங்களுக்குள் இழுபறியாக இருக்கிறது என்றும் சொன்னாய். நான் சோறு அடிப்பிடிக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். சோறு அடிப்பிடிக்கவில்லை, நான் அடுப்பே மூட்டியிருக்கவில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் ஹஜ்ஜுப் பெருநாளோடு ஒப்பந்தம் எழுதினார்கள், உனக்கு எட்டு வயது. யுத்தம் நின்றுவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். நின்றது என்றால் எனக்கு நின்றதுதான், மழை நின்றால் வெளியே இறங்குகிறோமே அப்படித்தான் விளங்கினேன். பன்னிரண்டு வருஷமாக இந்த உப்புத் தண்ணீரில் தேத்தண்ணி குடித்து எனக்கு நாக்கே செத்துப்போயிருந்தது, எங்கள் வீட்டுக் கிணற்றை நினைத்து நினைத்து உன் வாப்பாவை அரித்துக்கொண்டே இருந்தேன். அவர் அவசரப்படுகிற மனிதர் இல்லை. சுடுறதத்தான் நிப்பாட்டியிருக்காங்க ஹவ்வா, புதைச்சதை எடுத்ததா ஒருத்தரும் சொல்லல்லையே என்றார். நான் சிரித்தேன். என் மனுஷன் முத்தலிபுக்கு முகாம் வாசல் தாண்டவே பயம் என்று கமீலாவுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் புறப்பட்டார்.

காணி பார்க்கப் போய் வாப்பா மிதிவெடியில் மவுத்தானார் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தேன். காணி பார்க்க அவர் போகவில்லை, எனக்குத் தண்ணீர் அள்ளப் போனார். எண்ணெய் வாங்கிய வெள்ளைக் கேனைக் கழுவி நான்தான் கையில் கொடுத்தேன். கமீலாவின் புருஷன் செய்னுலாப்தீனும் கூடப் போனார். கிணற்றடி வரைக்கும் ஆட்கள் நடந்த தடம் இருந்ததாம், அதிலேயே போய் அள்ளி, கேனைச் செய்னுலாப்தீனிடம் கொடுத்துவிட்டு, எங்கள் தேசிக்காய் மரம் காய்த்திருக்கிறது, அவளுக்கு நாலு காய் பிடுங்கி வருகிறேன் என்று தடத்தை விட்டு இறங்கினாராம். தேசிக்காய் நான் கேட்கவே இல்லை. அவருடைய ஜனாஸாவோடு கேனும் ஆலங்குடாவுக்கு வந்தது, மூடி இறுக்கியபடி, ஒரு சொட்டுச் சிந்தாமல். குடிக்க எனக்கு வாய் வரவில்லை. அவரைக் குளிப்பாட்ட அதையும் கொடுத்துவிட்டேன். அந்த மண்ணில் பிறகு நான் கால் வைக்காததும், அன்றையிலிருந்து எவரிடமும் எதையும் கொண்டு வா என்று கேளாததும் இதனால்தான். இருபத்தொரு வருஷமாக உன்னிடம் மறைத்தேன், நீ கோபப்பட்டால் அது சரிதான்.

நீ படித்த பிள்ளை, பெரிய ஆட்களுக்கு நடுவில் இருக்கிறாய், உனக்குச் சொல்லித்தர எனக்கு என்ன தெரியும். ஆனாலும் நீ கேட்டதற்கு இதுதான் என் பதில். என்ன சொல்லை வேண்டுமானாலும் போடுங்கள். அதற்குக் கீழேயே, பக்கத்தைப் புரட்டாமல் கண்ணில் படுகிற இடத்தில், எது இன்னும் நிற்கவில்லை என்று எழுதுங்கள். கிணற்றடிக்கு இப்போது போகவேண்டாம் என்று எழுதுங்கள், மரத்தடிக்கும் போகவேண்டாம் என்று எழுதுங்கள். கையெழுத்து வைக்கிறவர்களுக்கு அது தேவைப்படாது. அங்கேயும் ஏதோ ஒரு முகாமில் கேனைக் கழுவிக்கொண்டு ஒருத்தி இருப்பாள், அவளுக்கு வாசித்துக் காட்டத் தேவைப்படும்.

அல்லாஹ் உன் கைக்கும் எழுத்துக்கும் பரக்கத்துத் தரட்டும், அந்த நாட்டுச் சனத்துக்கும் ஒரு முடிவைத் தரட்டும். கோப்பியைக் குடித்துக்கொண்டு பட்டினி கிடக்காதே, வெறும் பாண் என்றாலும் நேரத்துக்குச் சாப்பிடு. வியாழக்கிழமை இரவில் வாப்பாவுக்கு யாசீன் ஓத மறக்காதே. போனைத் திருப்பித் தந்ததும் முதலில் எனக்கு எடு, திட்டுவதென்றாலும் எடு. வரும்போது என்ன கொண்டு வர என்று மட்டும் கேட்காதே மகள். வெறுங்கையோடு வா.

உன் உம்மா,
மு. ஹவ்வா