வானத்திலிருந்து பார்த்த பச்சை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

ஒரு வேடிக்கை கேளுங்கள். இப்போதெல்லாம் எங்கள் வேளாண் அலுவலகத்தில் விளைச்சலைச் செயற்கைக்கோள் படம் பார்த்தே கணக்கெடுக்கிறோம். நேற்று நம் வயல் திரையில் வந்தது. ஒரே பச்சை.

“அது களை சார். பயிரு கருகிப் போச்சுன்னு அப்பா எழுதியிருக்காரு” என்றேன்.

“உங்கப்பா பொய் சொல்லலாம், படம் சொல்லுமாய்யா?” என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். நம் பக்கம் அமோக விளைச்சல் என்று என் கையாலேயே பதியவைத்தார். இந்த முறை வறட்சி நிவாரணத்துக்கு அலையாதீர்கள், கிடைக்காது.

அம்மாவின் போர்வையைத் துவைக்காமல் அனுப்புங்கள், அவள் வாசம் போய்விடும்.

அடுத்த படம் எடுப்பதற்குள் களையை ஒட்ட அறுத்துவிடுங்கள். அதைத் தின்றுதான் மாடு உயிரோடு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மாட்டை விற்றுவிடுங்கள்.

அவசரமாக,
உங்கள் மகன்