கபினிக்கரைக்கு இரண்டு குதிரைகள்

இன்று காலை மாட்டுவண்டியில் புதுச் சேணங்கள் இரண்டு வந்து இறங்கின. சாக்கைப் பிரித்ததும் பினாயில் நெடியையும் மீறித் தோல் வாசனை பிரசவ அறை வரை பரவியது. கையில் இருந்த துணிச்சுருளை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உனக்கு எழுதி எங்கே அனுப்புவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

மைசூர் ஆஸ்பத்திரியின் நர்சுகள் விடுதியில் நம் இருவருக்கும் ஒரே அறை. நீ மகாராஜாவின் குதிரைப்படையில் இருந்த ஒரு சவாரின் மகள். வீட்டில் மராத்தி, வெளியில் கன்னடம், என்னோடு பழகிக் கற்றுக்கொண்ட தமிழ். அந்தத் தமிழிலும் 'அடி' என்று வரவேண்டிய இடத்தில் கன்னடத்துக் 'கணே'தான் வரும். நானோ ரயில்வே பட்டறைத் தொழிலாளியின் மகள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது வழியில் ஜட்கா நின்றால்கூடக் குதிரைக்கு எட்டாத தூரமாகப் பார்த்துச் சுற்றிப் போகிறவள்.

அந்த நாட்களில்தான் கபினிக்கரையில் பிரசவ நிலையம் திறக்கப் போவதாகச் செய்தி வந்தது. சுற்றியுள்ள ஊர்களுக்கு வண்டிப்பாதை கிடையாது. குதிரை ஏறத் தெரிந்த நர்சு வேண்டும். நீ அன்றே போய்க் கேட்டாய். டாக்டரம்மா சொன்ன பதிலோடு சிவந்த முகமாய்த் திரும்பி வந்தாய்.

"ஒருத்தியத் தனியா அனுப்ப மாட்டாங்களாம் கணே. ரெண்டு பேரா வந்தா பாக்கலாமாம்."

விடுதியில் ஒவ்வொருத்தியாகக் கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தைரியத்தால் அல்ல, என்ன சொல்வதென்று தெரியாததால். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டாய். மூன்று மாதம் கழித்து நடக்கும் குதிரையேற்றச் சோதனைக்கு நம் இருவர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாய்.

உன் அப்பா வீட்டுக் கொட்டகையில் படையிலிருந்து ஓய்வு பெற்ற கிழட்டுப் பெண்குதிரை ஒன்று இருந்தது. விடியற்காலையில் போவோம். முதல் பத்து நாள் நீ என்னை ஏறவே விடவில்லை. தேய்க்கச் சொன்னாய், தண்ணீர் காட்டச் சொன்னாய், குளம்பைத் தூக்கிச் சாணியும் கல்லும் எடுக்கச் சொன்னாய். "எப்போது ஏறுவது?" என்று எரிந்து விழுந்தேன். "அது உன்னைப் பாத்து முடிக்கட்டும்" என்றாய்.

ஏறிய நாளில் தரை அவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. புடவையை உன் வீட்டு வழக்கப்படி கச்சமாகக் கட்டிவிட்டிருந்தாய். கடிவாளத்தை என்னிடம் தரவில்லை. நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நீ நிற்க, நான் கைகளை விரித்துக்கொண்டு உன்னைச் சுற்றி வந்தேன். "கீழே பாக்காதே. கீழே பாத்தா கீழேதான் போவே." மறுநாள் வார்டில் உட்கார முடியவில்லை. மாடிப்படியில் இடறிவிட்டதாகத் தலைமை நர்சிடம் பொய் சொன்னேன். தொடைவலி மூன்று வாரத்தில் போகும் என்றாய். போயிற்று.

துள்ளுநடைதான் என்னை அழவைத்தது. ஒவ்வோர் அடிக்கும் முதுகெலும்பு தனித்தனியாகக் குலுங்கியது. ஒன்றுக்கு எழு, இரண்டுக்கு உட்கார் என்று நீ கைதட்டிக்கொண்டே ஓடி வருவாய். நான் ஒன்றுக்கு உட்கார்ந்து இரண்டுக்கு இடிபடுவேன். ஒருநாள் காலையில், எதையும் எண்ணாமல் இருந்தபோது, குதிரையே என்னைத் தூக்கியது. நான் சும்மா எழுந்தேன். சாமுண்டி மலையில் அப்போதுதான் வெயில் விழுந்திருந்தது. நீ தட்டுவதை நிறுத்திவிட்டாய். எனக்கு வந்துவிட்டது என்று கத்தினேன்.

மறுநாள் அது வரவில்லை! ஒரு வாரம் எல்லாமே மறந்த மாதிரி இருந்தது. "எல்லாருக்கும் ஒரு வாட்டி அப்படிப் போவும், திரும்பி வரும்" என்றாய். அந்த வாரத்தில்தான் படை மைதானத்தில் ஊதிய எக்காளம் நம் பக்கம் கேட்டது. கிழட்டுக் குதிரைக்குப் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது. கழுத்தைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து ஓடியது. நான் கள்ளிவேலி ஓரத்தில் கிடந்தேன். உடைந்தது எதுவும் இல்லை. நீ ஓடி வந்து கைகால்களைத் தடவிப் பார்த்தாய். பிறகு என் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாய்.

"உனக்காகத்தான் கூப்பிட்டேன்னு நினைச்சியா? எனக்காகக் கூப்பிட்டேன். வேண்டாம்னா விட்டுடு கணே."

நீ அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எழுந்து புடவையை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி ஏறினேன். வேறென்ன செய்வது?

சோதனைக்கு நமக்குப் பழக்கமில்லாத குதிரைகளைக் கொடுத்தார்கள். டாக்டரம்மாவும் படை அதிகாரி ஒருவரும் நின்று பார்த்தார்கள். நடை, துள்ளுநடை, பாய்ச்சல் எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு வாய்க்கால். நீ தாண்டிப் போய் அந்தப் பக்கம் காத்திருந்தாய். என் குதிரை தண்ணீரைக் கண்டதும் நின்றது. இரண்டாம் முறையும் நின்றது. அதிகாரி நோட்டுப் புத்தகத்தை மூடியதைப் பார்த்தேன். நான் அதைத் திருப்பிப் பத்தடி நடத்தி, கழுத்தைத் தட்டிக்கொடுத்து, கடிவாளத்தைத் தளர்த்தினேன். அது மூச்சுவிட்டது. நானும் விட்டேன். மூன்றாம் முறை உன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு முழங்காலை அழுத்தினேன். கரையேறி உன் குதிரையின் மேலேயே மோதி நின்றோம். சுற்றி நின்றவர்களை எல்லாம் மறந்து நீ விசில் அடித்தாய். டாக்டரம்மா அதைக் கேட்காதது போல் இருந்தார்.

அப்புறம் ஐந்து வருஷம். முதல் மழைக்காலத்திலேயே, கால் முதலில் வந்த பிள்ளை ஒன்றுக்காக வெள்ளத்தில் இறங்கினோமே, அக்கரையில் அந்தப் பெண்ணின் புருஷன் நம்மைப் பார்த்து, "ஆம்பளைங்க வரலையா?" என்று கேட்டானே! சாயங்காலம் அவன் கையில் மகளைக் கொடுத்தபோது, வந்தவர்கள் யாரென்று அவன் மறுபடி கேட்கவில்லை.

பிறகு மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. ஒன்பது நாள். எத்தனை பேருக்குக் கொய்னா கொடுத்தோம், உனக்கு அது போதவில்லை.

நீ போய் ஒரு மாதத்துக்குள் மைசூரிலிருந்து கடிதம் வந்தது: பெண்ணொருத்தி தனியே இருக்க விதி இல்லை, நிலையத்தை மூடிவிட்டுத் திரும்பி வரவும். படித்துவிட்டு மடித்து வைத்தேன். மறுநாள் விடியும்போது சேணம் கட்டினேன். பதினெட்டு மைல். இரண்டு ஓடையும் ஒரு காடும். மத்தியானம் மைசூர் அலுவலகத்தின் முன்னால் இறங்கி, முழங்கால்வரை சேறோடு உள்ளே போனேன்.

கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்த அதிகாரி தலைநிமிர்ந்து, "யாரோட வந்தீங்கம்மா?" என்றார்.

"தனியாத்தான் வந்தேன் சார். தனியாத்தான் திரும்பிப் போவேன். அங்கே எட்டு பேர் மாசமா இருக்காங்க."

அவர் என் காலையும் வாசலில் நின்ற குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார். கடிதத்தை வாங்கிக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். நிலையம் மூடப்படவில்லை. இரண்டு வருஷம் கழித்து, இன்று வந்த சேணங்களுக்கு நாளை இரண்டு புது நர்சுகள் வருகிறார்கள். நான் கேட்டு வாங்கியது.

அன்று திரும்பும் வழியில், காடு தாண்டியதும் முதல் ஊரில் ஒரு கிழவர் வேலிக்குப் பின்னாலிருந்து, "குதுரே அம்மா!" என்று கூப்பிட்டார். கண் சரியாகத் தெரியாதவர். குதிரை அம்மா, அது ஊரார் உனக்கு வைத்த பெயர். என்னை எப்போதும் "இன்னொரு அம்மா" என்றுதான் சொல்வார்கள். நீ இல்லை என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவருடைய மருமகளுக்கு வலி கண்டிருந்தது.

"இதோ வந்துட்டேன்" என்று சொல்லி இறங்கினேன். அதிலிருந்து எல்லா ஊரிலும் அந்தப் பெயர்தான். யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறேன்.